ஹீட் பம்ப் உள்ள வீட்டுக்குக் குடிபோகும் முன்: சேலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வயரிங் வழிகாட்டி

சித்தி மகன் அடுத்த வாரம் இங்கிலாந்துக்குக் கிளம்புகிறான். பொங்கலுக்கு நான் ஏற்காடு வந்திருந்ததால் அவன் பெட்டி கட்டுவதும் எங்கள் வீட்டிலேயே நடந்தது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஸ்வெட்டர் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் செருகியிருந்தன. வைத்துக் கொடுத்தது அப்பா. முப்பது வருடம் எஸ்டேட் பங்களாக்களுக்கு வயரிங் போட்ட கை அவருடையது. "டெஸ்டர் ஒண்ணு கையில இருந்தா எந்த ஊருலயும் சமாளிச்சுக்கலாம் கண்ணு" என்றார்.

நான் பதினோரு வருடமாக இங்கிலாந்தில் இருக்கிறேன். வீட்டு மின் இணைப்புகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. நம்மவர்கள் வீடுகளுக்கும் நிறையப் போயிருக்கிறேன். கரண்ட் என்றாலே பயப்படுகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் பிரச்சினை இருப்பதில்லை, ஆள் வரும்வரை காத்திருப்பார்கள். ஊரில் பியூஸ் கட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர் பிரித்துப் பார்த்துப் பழகியவர்கள்தான் அங்கேயும் தாங்களே மூடியைத் திறக்கிறார்கள். இதை முக்கியமாக அவர்களுக்காக எழுதுகிறேன். தம்பி வாடகைக்குப் பிடித்திருக்கும் வீட்டில் ஹீட் பம்ப் இருக்கிறதாம்.

ஹீட் பம்ப் என்பது ஃபிரிட்ஜ் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கிற சூட்டை உறிஞ்சிப் பின்பக்கம் தள்ளும். இது வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் தள்ளும். வெளியே பூஜ்யம் டிகிரி என்றாலும் காற்றில் எடுக்கக்கூடிய சூடு இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கும், கடுங்குளிரில் அது குறையும். பார்வைக்கு ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட்டைக் கொஞ்சம் பெரிதாகச் செய்தது மாதிரி இருக்கும்.

"இன்வெர்ட்டர்னு போட்டிருக்கே அக்கா, கரண்ட் போனாலும் ஓடுமா?" என்று கேட்டான். ஓடாது. நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடுவது. ஹீட் பம்பில் அந்தப் பெயர் கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற எலக்ட்ரானிக்ஸைக் குறிக்கிறது.

வயர் நிறத்தைச் சொல்லிக்கொடுக்க அவனை மீட்டர் போர்டுக்கு அருகில் கூட்டிப்போனேன். எங்கள் வீட்டுக்கு மூன்று பேஸ் சப்ளை: சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்றிலும் கரண்ட். கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஹால் லைட்டுக்குப் போகிற பேஸ் எங்கள் வீட்டில் நீல வயர்தான். "நீலத்தைத் தொடாதே, கறுப்பு பரவாயில்லை" என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். கறுப்பும் பரவாயில்லை கிடையாது, ஆனாலும் மனதில் அப்படித்தான் பதிந்திருக்கிறது.

இங்கிலாந்தில் பேஸ் பழுப்பு, நியூட்ரல் நீலம், எர்த் பச்சையும் மஞ்சளும் கலந்தது. மூன்று பேஸ் வருகிற இடத்தில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றுமே கரண்ட். அங்கே கறுப்பு வயரைக் கண்டு நியூட்ரல் என்று நம்பினால் அது 230 வோல்ட்டாகவும் இருக்கலாம். பழைய வீடுகளில் இன்னொரு குழப்பம். 2004க்கு முன் அங்கேயும் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல் என்றுதான் இருந்தது. புது நிறங்கள் 2004இல் வந்து 2006இல் கட்டாயமாயின. அதனால் மாடியில் பழைய நிறம், சமையலறையில் புது நிறம் என்று ஒரே வீட்டில் இரண்டும் ஓடும். சுவிட்ச் பெட்டிக்குள் இருக்கிற நீல வயர், லைட்டுக்குத் திரும்பிப் போகிற பேஸாகவும் இருக்கலாம்.

கனடா போகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. அங்கே கறுப்புதான் கரண்ட் வயர், வெள்ளை நியூட்ரல். ஹீட் பம்புக்கு இரண்டு கரண்ட் வயர் சேர்ந்து 240 வோல்ட் வரும், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. சேலத்துப் பழக்கத்தில் சிவப்பை ஒதுக்கிவிட்டுக் கறுப்பில் கை வைத்தால் உயிர் போகும். இதை இரண்டு முறை படியுங்கள்.

அடுத்தது, ஹீட் பம்புக்கு மெயின் போர்டிலிருந்து தனி சர்க்யூட் வேண்டும். நம் ஊரில் கீசருக்குத் தனியாக 4 ஸ்கொயர் வயர் இழுப்பது போலத்தான். ஏற்கெனவே இருக்கிற பிளக் பாயிண்டிலிருந்து கிளை எடுத்துக் கொடுத்திருந்தால் அந்த வேலை தவறு. யூனிட்டுக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மழை தாங்கும் ஐசொலேட்டர், அதாவது கரண்ட்டை முழுசாகத் துண்டிக்கிற சுவிட்ச், ஒன்று சுவரில் இருக்க வேண்டும். சர்வீஸுக்கு வருகிறவர் அதை ஆஃப் செய்து பூட்டிவிட்டு வேலை பார்க்க அதுதான் வழி.

வீட்டுக்குள் வருகிற மெயின் பியூஸ் 60, 80 அல்லது 100 ஆம்பியர் இருக்கும். 9 கிலோவாட் சூடு தருகிற ஹீட் பம்ப் சுமார் 3 கிலோவாட் மின்சாரம் எடுக்கும், அதாவது 13 ஆம்பியர். குளியலறையில் எலக்ட்ரிக் ஷவர் இருந்தால் 9.5 கிலோவாட், அது மட்டும் 41. தொட்டியில் இருக்கிற இமர்ஷன் ஹீட்டர் இன்னொரு 13. கெட்டில் இன்னொரு 13. காலை ஏழு மணிக்கு எல்லாம் சேர்ந்து ஓடினால் 80 ஆம்பியர், பியூஸோ 60. ஹீட் பம்ப் வைக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டு வட்டார மின் விநியோக நிறுவனத்துக்குத் தெரிவிப்பது இன்ஸ்டாலரின் பொறுப்பு. போட்டாரா என்று கேட்பது உங்கள் பொறுப்பு. பழைய வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்குப் போகிற சப்ளையே உங்கள் வீட்டு வழியாகப் போயிருக்கலாம். அப்படியென்றால் முதலில் அதைப் பிரித்தாக வேண்டும், அதையும் அந்த நிறுவனம்தான் செய்யும். மெயின் பியூஸின் சீலை மட்டும் யாரும் உடைக்காதீர்கள். அது அவர்களுடைய பொருள், அதற்கு முன்னால் கரண்ட்டை நிறுத்த உங்களிடம் ஒன்றுமே கிடையாது.

என் சொந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் வீடு வாங்கி ஹீட் பம்ப் வைத்த வருடம், டிசம்பர் மாதம். ஒரு கம்பெனி வந்து வேலையை முடித்துப் பணமும் வாங்கிப் போயிருந்தது. நான் அப்போது வேறு வேலையில் இருந்தேன், போர்டைத் திறந்து பார்க்கவில்லை. சாயங்காலமானால் மாடிப்படிக்குக் கீழே கருவாடு வறுக்கிற மாதிரி வாசனை. பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்று ஒரு வாரம் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் கருவாடு வாங்கியே பல மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மெயின் போர்டின் மூடிமேல் கை வைத்தேன். ஒரு மூலை மட்டும் வெதுவெதுவென்று இருந்தது.

ஆள் வந்து திறந்தபோது ஹீட் பம்பின் பிரேக்கரில் இறங்குகிற வயரின் தோல் ஓர் அங்குலத்துக்குப் பழுப்பேறி விரிசல் விட்டிருந்தது. ஸ்க்ரூ முழுசாக ஒரு சுற்று இறங்கியது. அவ்வளவு லூசாக விட்டுப் போயிருக்கிறார்கள். சூடேறும் பிளாஸ்டிக்கும் சிலவகை ரெசினும் மீன் வாடை அடிக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிரேக்கர் ஏன் ட்ரிப் ஆகவில்லை என்று அப்பா கேட்டார். அது நியாயமான கேள்வி. பிரேக்கர் கரண்ட் கூடினால் விழும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. என்கிற கசிவுக் காப்பு சுவிட்ச், கரண்ட் வெளியே கசிந்தால் விழும். லூஸ் கனெக்‌ஷனில் இரண்டுமே நடக்காது. அதே 13 ஆம்பியர்தான் ஓடுகிறது. ஆனால் அந்த முனையில் கால் ஓமுக்கும் குறைவாக, 0.2 ஓம் தடை சேர்ந்தால்கூட 34 வாட் சூடு. அப்பாவின் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிட அதிகமான சூடு சுண்டைக்காய் அளவு இடத்தில், ராத்திரி முழுக்க. கீசர் இருபது நிமிடம் ஓடி நின்றுவிடும். ஹீட் பம்ப் குளிர்காலத்தில் மணிக்கணக்காக ஓடும், அதனால் இதில் லூஸ் முனை தாங்காது. மீன் வாடை வந்தால், விளக்கு மங்கி மங்கி எரிந்தால், மூடி சுட்டால், மெயினை ஆஃப் செய்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். புகை தெரிந்தால் வெளியே வந்து 999 என்ற அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். மின் நிறுவனத்தின் பெட்டியிலோ கேபிளிலோ கோளாறு என்றால் 105, காசு இல்லாத எண்.

ஆர்.சி.டி. பற்றி ஒரு வார்த்தை. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள மெஷினில் கசிகிற கரண்ட்டில் டி.சி.யும் (பேட்டரியில் வருவது போன்ற ஒரே திசைக் கரண்ட்) கலந்திருக்கலாம். பழைய 'ஏ.சி.' வகை (மாறுதிசைக் கரண்ட்டை மட்டும் கவனிக்கிற) ஆர்.சி.டி. அதனால் மந்தமாகி, விழ வேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம். ஹீட் பம்ப் தயாரித்தவர்கள் எந்த வகை கேட்கிறார்கள் என்று அவர்களின் கையேட்டில் இருக்கும். போர்டில் இருப்பது அதுதானா என்று ஒப்பிட்டுக் கேளுங்கள்.

எர்த் விஷயத்தில் அப்பா விடவில்லை. "உப்பும் கரியும் போட்டுக் குழி எங்க எடுத்திருக்காங்க?" என்றார். அங்கே நகரத்து வீடுகளில் பெரும்பாலும் குழி இருக்காது. மின் நிறுவனத்தின் கேபிளோடேயே எர்த்தும் வந்துவிடும். அதோடு கேஸ் குழாய், தண்ணீர்க் குழாய் இரண்டும் உலோகமாக இருந்தால் அவற்றையும் தடிமனான பச்சை மஞ்சள் வயரால் எர்த்தோடு கட்டியிருக்க வேண்டும், வழக்கமாக 10 ஸ்கொயர். தண்ணீர் மீட்டர் பக்கத்தில் குனிந்து பார்த்தால் அந்தக் கிளாம்ப் தெரியும். பெயின்ட் அடிக்கும்போது அதைக் கழற்றி எறிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அப்பா கேட்டுவிட்டு, "அப்ப அந்த கிளாம்ப்தான் உசுரு" என்றார். அதேதான்.

வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் சாவி வாங்கும் முன் ஒரு காகிதம் கேளுங்கள். இங்கிலாந்தில் வீட்டுக்காரர் குறைந்தது 5 வருடத்துக்கு ஒருமுறை மின் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும் என்று 2020இல் சட்டம் வந்தது. அந்த அறிக்கையைக் குடிவருபவருக்குக் குடியேறும் முன்பே கொடுக்க வேண்டும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை, அது உங்கள் உரிமை. வீடு வாங்கி நீங்களே ஹீட் பம்ப் வைத்தால், புது சர்க்யூட் இழுத்த வேலைக்குச் சான்றிதழும், கட்டட விதிகளின்படி செய்ததற்கான சான்றும் வர வேண்டும். இரண்டாவது சான்று வேலை முடிந்த 30 நாளுக்குள் வந்தாக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 அக்டோபர் முதல் அரசு மானியம் 7,500 பவுண்ட். எம்.சி.எஸ். என்கிற தரச்சான்று அமைப்பில் பதிவு பெற்ற இன்ஸ்டாலர் செய்தால்தான் அது கிடைக்கும். "நம்ம பையன் ஒருத்தன் பாதிக் காசுல போட்டுத் தருவான்" என்று யாராவது சொன்னால், மானியமும் போகும், சான்றும் வராது, நாளைக்கு வீட்டை விற்கும்போது வக்கீல் முதலில் கேட்பது அந்தச் சான்றைத்தான். கனடாவில் ஒன்டாரியோ என்றால் மின் வேலைக்கு மின் பாதுகாப்பு ஆணையத்தில் பதிந்து வேலை செய்யவேண்டும், லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான் வர வேண்டும். அங்கே 10 கிலோவாட் துணை ஹீட்டரும் சேர்த்து வைப்பதுண்டு. அது மட்டும் 42 ஆம்பியர் எடுக்கும், பழைய 100 ஆம்பியர் பேனல் போதுமா என்று கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

குடியேறிய பிறகு: அவுட்டோர் யூனிட்மேல் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், துணி காயப் போடாதீர்கள். உறைபனி நாளில் அதிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பும். மெஷின் தன்மேல் படிந்த பனியைத் தானே உருக்கிக்கொள்கிறது, தீ இல்லை. புது மெஷின்கள் பலவற்றில் ஆர் 290 என்கிற வாயு இருக்கிறது. அது புரோப்பேன், நம் சிலிண்டர் கேஸ் வகை, காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். கார்த்திகை தீபத்துக்கு வாசலிலும் சுவரோரத்திலும் வரிசையாக அகல் வைப்போம் இல்லையா, அந்த யூனிட் இருக்கிற பக்கம் வைக்க வேண்டாம். எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்று கையேட்டில் படத்தோடு போட்டிருப்பார்கள்.

இவ்வளவும் பேசி முடித்தபோது காலை பதினொரு மணி, வெளியே பனி விலகி எதிர்மேட்டுக் காப்பிச் செடிகள் தெரிய ஆரம்பித்திருந்தன. அப்பா பெட்டியிலிருந்து டெஸ்டரை எடுத்தார். நியான் பல்பு எரியாததை நம்பி வயரைத் தொடக்கூடாது என்று அங்கே சொல்வது ஏன் என்று கேட்டார், சொன்னேன். உடம்பு வழியாக எர்த் ஆனால்தான் அது எரியும். ரப்பர் செருப்பும் காய்ந்த மரத்தரையும் இருந்தால் கரண்ட் இருந்தும் மங்கலாகவே தெரியும், பட்டப்பகலில் தெரியவே தெரியாது. அவர் ஒன்றும் பேசவில்லை. டெஸ்டரை மீட்டர் போர்டுக்கு மேலே இருக்கிற ஆணியில் பழையபடி செருகிவிட்டு வந்து, பெட்டியில் அது இருந்த இடத்தில் ஒரு டார்ச் லைட்டை வைத்தார். "மெயின் சுவிட்ச் எங்க இருக்குன்னு போன அன்னைக்கே பார்த்து வெச்சுக்க சாமி" என்றார்.

"சரிங்க பெரியப்பா" என்றான் தம்பி.