ராஜபாளையமா, சிப்பிப்பாறையா: உங்கள் வீட்டுக்கு எது?

வேட்டை நாய் வளர்க்கலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள், எது என்பதில்தான் குழப்பம் என்றால் மேலே படியுங்கள். தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லா நாய்க்கும் உள்ளதுதான், அதற்குள் நான் போகவில்லை. 2020-ல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு பதிவு செய்த நாயினங்களில் இந்த இரண்டும் உண்டு, மூன்றாவது முதோள். ஒரே கரிசல் சீமையில் பிறந்தாலும் வேலை வேறு. ராஜபாளையம் காட்டுப்பன்றியை எதிர்த்து நின்ற நாய். சிப்பிப்பாறை முயலை ஓடிப் பிடித்த நாய். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை இல்லை, ஆனால் அந்தக் குணம் போகவில்லை.

1. வாசலைப் பாருங்கள்

பால்காரர், டியூஷன் பிள்ளைகள், உறவுக்காரர்கள் என்று ஆள் நடமாட்டம் உள்ள வீடா? ராஜபாளையம் வேண்டாம். வீட்டு ஆட்களிடம் உயிராக இருக்கும், வெளியாள் தலையில் கை வைத்தால் பொறுக்காது. தோட்ட வீடு, ஆள் இருந்து பழக்க நேரம் உண்டு என்றால் அதற்கு இணை கிடையாது.

2. வீட்டில் கோழி, பூனை உண்டா?

இருந்தால் சிப்பிப்பாறையை யோசித்து வாங்குங்கள். ஓடுகிற எதையும் துரத்தும், துரத்தத் தொடங்கிவிட்டால் கூப்பிடுவது காதில் ஏறாது. ஆறடிச் சுற்றுச்சுவர் இல்லாமல் அவிழ்த்து விடக் கூடாது.

3. காது கேட்கிறதா?

ராஜபாளையம் வாங்குபவர்கள் இங்கே நிதானமாக நில்லுங்கள். முழு வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரும் இனம் இது. எனக்குப் பெரும்பாடாக இருந்ததும் இதுதான், ஏனென்றால் ஈத்துக் குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. தட்டுச் சத்தம் கேட்டு மற்றவை ஓடினால் செவிட்டுக் குட்டியும் கூடவே ஓடும்.

அதனால் ஒவ்வொரு குட்டியையும் தனியாகப் பழகிய அறைக்குள் விடுங்கள். அது எதையாவது முகர்ந்துகொண்டிருக்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். கைதட்ட வேண்டாம், தரையையும் உதைக்க வேண்டாம்: காற்றும் அதிர்வும் பட்டுத் திரும்பினால் காது கேட்கிறது என்று ஏமாந்துபோவோம். உங்கள் நிழலும் அதன் மேல் விழக் கூடாது. காது மடல் அசைகிறதா, முகர்வது நிற்கிறதா என்று பாருங்கள். சிறிது நேரம் விட்டு, வேறொரு சத்தத்தில் மறுபடி. கடைசியாக, குட்டி தனியாகத் தூங்கும்போது ஒருமுறை.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பிவிடும். அதை உறுதியாகச் சொல்வது மூளைத்தண்டின் மின்னலைகளை அளக்கும் பேயர் சோதனைதான். அந்த வசதி எங்கே உண்டு என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். தனியாகச் சோதிக்க விடாதவரிடம் குட்டி வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

4. தாயைப் பாருங்கள்

குட்டியில் எல்லாமே அழகுதான். தாயின் உடல்கட்டும் குணமும்தான் பேசும். எட்டு வாரத்துக்கு முன் பிரிக்க வேண்டாம்.

5. பெல்ட்

இரண்டுக்கும் கழுத்து நீளம், தலை ஒடுக்கம். சாதாரண பெல்ட் பின்வாங்கி இழுத்தால் கழன்றுவிடும். இழுத்தால் அளவோடு இறுகும் அகலமான மார்ட்டிங்கேல் பெல்ட்டைத்தான் நான் சொல்வேன். இரும்புச் சங்கிலி கழுத்தை அறுக்கும்.

பின்சேர்க்கை: "சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு தெரிகிறது, சத்து போதவில்லையா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவது அதன் உடல்வாகு. சோற்றைக் கூட்டிக் கொழுக்க வைக்காதீர்கள், மூட்டுதான் கெடும். இடுப்பெலும்பு துருத்தினால் மருத்துவரைப் பாருங்கள். அறுவை சிகிச்சை என்றால், இது உடம்பில் கொழுப்புக் குறைவான ஓட்ட நாய் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில மயக்க மருந்துகள் இவ்வகை நாய்களுக்கு இறங்க வெகுநேரம் பிடிக்கும்.