டைஜஸ்ட்டைத் தனித்தனி மெயிலாகப் பிரித்த கதை

செங்கோட்டையில் சாரல் காலத்தில் இணையம் வந்து வந்து போகும். அதனால் மடற்குழு (ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும் மெயில் குழு) மெயில்களை நாளுக்கு ஒரே டைஜஸ்ட்டாக, அதாவது எல்லாம் சேர்ந்த ஒரே தொகுப்பு மெயிலாக வாங்கினேன். படிக்கச் சுகம்தான். ஆனால் பதில் போட்டால் தலைப்பில் ‘டைஜஸ்ட்’ என்று மட்டும் போகும். "அண்ணாச்சி, இது யாருக்குப் பதில்?" என்று புனலூர்த் தம்பி கேட்டபோது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அதனால் டைஜஸ்ட்டைத் தனித்தனி மெயிலாகப் பிரிக்க முடிவு செய்தேன். முதலில் கோடுகளை வைத்து வெட்டினேன். 1990-இல் வந்த ஆர்எஃப்சி 1153 என்ற இணைய வரைமுறை ஆவணத்தின்படி, முன்னுரைக்குப் பின் 70 சிறுகோடுகள், மெயில்களுக்கு இடையில் 30. லினக்ஸில் உள்ள ‘ஃபார்மெயில்’ என்ற மெயில் பிரிக்கும் நிரல் இதைச் சுலபமாகப் பிரித்துவிடும். பிரிந்தது, ஆனால் உரையாடல் இழை சேரவில்லை, அதாவது கேள்விக்குக் கீழே அதன் பதில் வந்து நிற்கவில்லை. எந்த மெயிலுக்குப் பதில் என்று சொல்லும் ‘இன்-ரிப்ளை-டு’, ‘ரெஃபரன்சஸ்’ வரிகளை வெறும் உரை டைஜஸ்ட் வைத்துக்கொள்வதே இல்லை. வெட்டும் கத்தியில் குறையில்லை, வந்த சரக்கிலேயே அது இல்லை.

அப்புறம் மெயில்மேன் (மடற்குழுவை நடத்தும் மென்பொருள்) அமைப்பில் டைஜஸ்ட் வகையை, வெறும் உரையிலிருந்து ‘மைம்’ (மெயிலைப் பகுதி பகுதியாக அடுக்கும் முறை) என்று மாற்றினேன். அதில் ஒவ்வொரு மெயிலும் அந்த வரிகளோடு தனிப் பகுதியாக வருகிறது. பைத்தான் நிரல்மொழியின் ‘இமெயில்’ தொகுதியால் பகுதிகளை எடுத்து, பல மெயில்களை ஒரே கோப்பில் வைக்கும் எம்பாக்ஸ் கோப்பில் சேர்த்தேன். ஒன்று கவனியுங்கள்: டைஜஸ்ட்டின் நேரடிப் பகுதிகளை மட்டும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது இணைத்து அனுப்பிய பழைய மெயிலும் தனியாகப் பிரிந்துவிடும்.

இப்போது தம்பி கேட்ட கேள்விக்குக் கீழேயே என் பதில் போய் நிற்கிறது.