தேர்தல் விளம்பரத்துக்குக் காசு கொடுத்தது யார்? கணக்குப் புத்தகத்தைத் திருப்பிப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோயில் கமிட்டிக் கணக்கு இப்போதும் என் மேசைக்குத்தான் வரும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அக்காள் மகன், அங்கே ஓடும் தேர்தல் விளம்பரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, இது யார் காசு?" என்று கேட்பான். அவனுக்குச் சொன்னது இது.

விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓர் அமைப்பின் பெயர் இருக்கும். தேசம், சுதந்திரம், குடும்பம் என்று மணக்கும். மயங்க வேண்டாம். அதைப் புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனத்தின் நான்பிராஃபிட் எக்ஸ்புளோரர் தளத்தில் தட்டுங்கள், இலவசம்தான். அமெரிக்க வரிச் சட்டப் பிரிவின் எண் தெரியும். 501(சி)(3) என்று வந்தால் அறநிலையம்; வேட்பாளர் விஷயத்தில் வாய் திறக்க 1954 முதல் தடை. 501(சி)(4) என்றால் 'சமூக நல' அமைப்பு. அரசியல் அதன் முதன்மை வேலையாக இல்லாதவரை செலவழிக்கலாம். 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு வந்தபின், இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று நேராகவே கேட்கலாம். கொடுத்தவர் பெயரைப் பொதுவாக வெளியிட வேண்டியதில்லை.

செலவு எவ்வளவு என்பதைக் அமெரிக்கக் கூட்டரசுத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். வாக்களிப்புக்கு முந்திய கடைசி 20 நாளில் 1,000 டாலரைத் தொட்டாலே 24 மணி நேரத்தில் அறிக்கை தர வேண்டும். முழுக் கணக்கு, அமைப்பு வருடந்தோறும் வரித்துறைக்குத் தரும் 990 படிவத்தில், ஷெட்யூல் சி என்ற இணைப்பில் இருக்கும். ஆனால் கல்யாணம் முடிந்த பிறகு வரும் மேளம் அது: தவணை நீட்டிப்போடு 2024ஆம் ஆண்டுக் கணக்குக்குக் கெடு 2025 நவம்பர்!

சரி, மறைத்த பெயரை எப்படித் தேடுவது? ஒருவர் புத்தகத்தில் வரவு மறைந்திருந்தாலும், இன்னொருவர் புத்தகத்தில் அது பற்றாக எழுதியிருக்கும். வரிவிலக்கு அமைப்பு இன்னொன்றுக்கு 5,000 டாலருக்கு மேல் மானியம் கொடுத்தால் அதே படிவத்தின் ஷெட்யூல் ஐ-யில் வாங்கியவர் பெயர் போட வேண்டும். அதனால் உங்கள் அமைப்பின் ஒன்பது இலக்க வரி எண்ணை மற்றவர்களின் படிவங்களுக்குள் தேடுங்கள். உச்சவரம்பில்லாமல் காசு திரட்டித் தேர்தலில் செலவழிக்கும் சூப்பர் பேக் குழுக்களின் நன்கொடைப் பட்டியலிலும் அதே பெயரைத் தேடுங்கள். அவை பெயர் சொல்லியே ஆக வேண்டும். குடியரசுக் கட்சிப் பக்கம் ஒன் நேஷன் என்ற 501(சி)(4) அமைப்பு, செனட் லீடர்ஷிப் ஃபண்ட் என்ற சூப்பர் பேக்குக்குக் கொடுத்ததும், ஜனநாயகக் கட்சிப் பக்கம் மெஜாரிட்டி ஃபார்வர்ட், செனட் மெஜாரிட்டி பேக்குக்குக் கொடுத்ததும் இப்படித்தான் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே வித்தைதான், ஒருவர் மட்டும் யோக்கியர் என்று என் மருமகனே சொன்னாலும் நம்ப மாட்டேன்.

தனி ஆள் நேரடியாகக் கொடுத்தால் இந்த வழி உதவாது. மார்பிள் ஃப்ரீடம் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு பேரி சைட் என்ற தொழிலதிபர் கொடுத்த 160 கோடி டாலர் 2022இல் செய்தியாளர்கள் தோண்டியதால்தான் வெளியே வந்தது.

கடைசியாக, கூட்டும்போது கவனம். ஒரே காசு இரண்டு மூன்று அமைப்பு வழியாக நடந்து வரும், இரண்டு தடவை கூட்டிவிடாதீர்கள். சில அமைப்புகளின் கணக்காண்டு ஜூலையில் தொடங்கும், படிவத்தின் தலைப்பில் உள்ள தேதியை முதலில் பாருங்கள்.