ஏற்காடு ஏறும்போது மாத்திரை டப்பாவும் கூட வரட்டும்

சேலத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு மேலே போகிறவர்கள் சிலர் எச்.ஐ.வி. மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். இந்த வைரஸின் மரபுக் குறிப்பு ஆர்.என்.ஏ.வாகத்தான் செல்லுக்குள் வருகிறது. 1970இல் கண்டறிந்த ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற புரதம் அதை டி.என்.ஏ.வாகப் பிரதியெடுக்க, அப்புறம் இன்டெக்ரேஸ் என்ற இன்னொரு புரதம் அதை நம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே ஒட்டிவிடுகிறது. முதல் புரதம் தன் பிழையைத் திருத்தாது. மருந்து அடிக்கடி தவறினால் அப்படியொரு பிழையிலிருந்தே மருந்துக்கு அடங்காத வைரஸ் கிளம்பலாம். டெனோபோவிர், லாமிவுடின் என்ற மருந்துகள் பிரதியெடுப்பதை நிறுத்தும், டோலுடெக்ராவிர் ஒட்டுவதைத் தடுக்கும், பலருக்கு மூன்றும் ஒரே மாத்திரையில்தான் கிடைக்கிறது.

மலையில் பனி, ஈரம் அதிகம். காகிதத்தில் மடிக்காமல் டப்பாவோடு எடுத்துப்போங்கள், உள்ளே கிடக்கும் ஈரம் உறிஞ்சும் குட்டிப் பையையும் எறிந்துவிடாதீர்கள்.