கிக்போர்டைப் பிடித்ததும் தலையைத் தூக்காதீர்கள்

நீச்சல் பழக வந்த பிள்ளையிடம் கிக்போர்டை, அதாவது கையில் பிடித்துக்கொண்டு உதைத்துப் பழகும் மிதவைப் பலகையைக் கொடுத்ததும் பிள்ளை முதலில் செய்வது, கழுத்தை நிமிர்த்தி எதிர்க்கரையைப் பார்ப்பதுதான். பாதித் தவறுகள் அங்கேயே தொடங்கிவிடுகின்றன. தண்ணீரில் உடல் தராசு மாதிரி. தலை ஏறினால் இடுப்பு இறங்கும். இடுப்பு இறங்கியபின், முன்னே தள்ள வேண்டிய கால்கள் மூழ்காமல் தாங்குவதற்கே பலத்தைச் செலவழிக்கின்றன. பிள்ளை சீக்கிரமே களைத்துவிடும், கழுத்தும் கீழ்முதுகும் வலிக்கும். கரையில் நின்று "வேகமாக அடி, வேகமாக அடி" என்று கத்திப் பயனில்லை. பலகையின் கீழ்விளிம்பைப் பிடித்துக் கைகளை நீட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொல்லுங்கள். கண் குளத்தின் அடியில் உள்ள கோட்டைப் பார்க்கட்டும், மூக்கு குமிழி விடட்டும். மூச்சு வாங்க மட்டும் தலை எழுந்தால் போதும்.

விரல்களையும் கவனியுங்கள். நுனி வெளுத்திருந்தால் பயத்தில் இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். பெரியவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், முழங்கையை ஊன்றிப் பலகையை அமுக்குவார்கள், தோள்தான் பாடுபடும்.

அடுத்தது முட்டி. சைக்கிள் மிதிப்பதுபோல் மடக்கி உதைத்தால் தண்ணீர் தெறிக்கும், ஆள் நகரமாட்டார். உதை இடுப்பிலிருந்து வர வேண்டும். முட்டி லேசாக மடங்கலாம், கணுக்கால் தளர்ந்து கால்விரல்கள் பின்னோக்கி நீண்டிருக்க வேண்டும். சரியாக உதைக்கிறவரின் காலடியில் தண்ணீர் உலை கொதிப்பதுபோலக் குமிழும். தவளைபோல் உதைத்து நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே பாதத்தை மடக்கி வெளிப்பக்கம் திருப்ப வேண்டும்.

பயிற்சி நேரம் முழுவதையும் பலகையோடு கழிப்பதும் தவறு. சில சுற்றுகளுக்குப் பின் அதைக் கரையில் வைத்துவிட்டு, மல்லாந்தும் பக்கவாட்டிலும் உதைத்துப் பழகட்டும். உடலைச் சமநிலையில் வைக்கக் கற்றுக்கொள்வது அப்போதுதான்.

எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது வேறொன்று: கிக்போர்டு இருக்கிறதே என்று பெற்றோர் கைபேசியில் மூழ்குவது. கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அது உடம்போடு இருந்தது. கிக்போர்டோ பிடி நழுவிய நொடியில் தனியாக மிதந்து போய்விடும். ஆழமில்லாத பக்கத்தில்கூட, கைக்கெட்டும் தூரத்தில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும்.