காய்கறியை ஒதுக்கும் குழந்தைக்கு என்ன சமைப்பது?

சாம்பார் சாதத்தில் கிடக்கும் கேரட்டையும் பீன்சையும் விரலால் தேடி எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் பல வீடுகளில் உண்டு. ஏறக்குறைய இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை, பழக்கமில்லாத உணவைக் கண்டு பின்வாங்குவது வளர்ச்சியில் இயல்பாக வரும் ஒரு கட்டம். பிறந்தபோது இருந்த எடையை முதல் ஆண்டிலேயே மும்மடங்காக்கிக்கொண்ட குழந்தை, இந்த வயதில் ஆண்டுக்குச் சுமார் 2 கிலோ மட்டுமே கூடுகிறது என்பதால், பசியும் முன்புபோல் இருப்பதில்லை. ஆகவே பிடிவாதம் என்று எண்ணிப் போராடுவதைவிட, குழந்தை காயில் எதை வெறுக்கிறது என்று சில நாட்கள் கூர்ந்து பார்த்து, சமைக்கும் முறையை அதற்கேற்ப மாற்றுவதே பயன் தரும்.

பெரும்பாலும் சிக்கல் பதத்தில்தான் இருக்கிறது. குழைந்த கத்தரிக்காயும் வழுவழுப்பான வெண்டைக்காயும் வாயில் பட்டவுடன் துப்பப்படும். அதே வெண்டைக்காயைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, மெல்லிய வட்டங்களாக நறுக்கி, அகலமான வாணலியில் மூடாமல் வதக்கி, இறக்குமுன் இரண்டு தேக்கரண்டி கடலை மாவு தூவி மொறுமொறுப்பாக எடுத்தால், கையால் எடுத்துத் தின்னும் பண்டமாகிவிடும். சில குழந்தைகளுக்குக் கசப்புதான் தடை. பெரியவர்களைவிடச் சிறுவர்கள் கசப்பைக் கூடுதலாக உணர்கிறார்கள். அவர்களுக்குப் பரங்கிக்காய், கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பச்சைப் பட்டாணி போன்ற இனிப்புச் சுவை உள்ளவற்றில் தொடங்கி, கீரையில் முளைக்கீரையையும் சிறுகீரையையும் பாசிப்பருப்போடு மசித்து நெய் விட்டுக் கொடுக்கலாம். வெந்தயக்கீரையும் பாகற்காயும் பிறகு வரட்டும். எல்லாம் கலந்திருப்பதையே விரும்பாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குச் சாதம், பருப்பு, காய் மூன்றையும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக வைத்தாலே பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

இந்த வயதுக்கு மிகவும் பொருந்தும் காய் எது என்று கேட்டால், நான் முதலில் பருப்பு உசிலியைத்தான் சொல்வேன். அரை கப் துவரம்பருப்பையும் கால் கப் கடலைப்பருப்பையும் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்து, ஒரு காய்ந்த மிளகாயில் பாதி, பெருங்காயம், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். இட்லித் தட்டில் 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வேகவைத்து, முழுவதும் ஆறிய பிறகு உதிர்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது உதிர்த்தால் கட்டி கட்டியாகவே நிற்கும். கடுகு தாளித்த எண்ணெயில் உதிர்த்த பருப்பைப் பொலபொலவென்று வரும்வரை வதக்கி, மிகப் பொடியாக நறுக்கி வேகவைத்த 150 கிராம் பீன்சைச் சேர்த்துக் கிளறினால் போதும். காய் பருப்புத் தூளோடு ஒட்டிக்கொள்வதால் அதன் பதம் தனியாகத் தெரிவதில்லை. ஆனாலும் பச்சை நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, புரதமும் சேர்ந்தே கிடைக்கிறது. கொத்தவரங்காய், முட்டைக்கோஸ், வாழைப்பூ மூன்றிலும் இதைச் செய்யலாம்.

காலை, மாலைச் சிற்றுண்டிக்கு மாவு பெரிய துணை. இரண்டு கப் இட்லி மாவில், எண்ணெயில் வதக்கிய கால் கப் கேரட் துருவலும் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் கலந்து குழிப்பணியாரமாக ஊற்றிக் கொடுத்தால், அளவு சிறியதாகவும் மேற்புறம் மொறுமொறுப்பாகவும் இருப்பதால் குழந்தைகள் விரும்புவார்கள். அடை மாவில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போடலாம். சுரைக்காய்த் துருவலைச் சேர்த்தால் அடை மிருதுவாகும். ஒரு கப் கோதுமை மாவுக்குக் கால் கப் பரங்கிக்காய் விழுது சேர்த்து, தண்ணீர் தேவைப்பட்டால் மட்டும் தெளித்துப் பிசைந்தால் பூரி மஞ்சள் நிறத்தில் வரும். பீட்ரூட்டிலும் இப்படிச் செய்யலாம்; மறுநாள் சிறுநீரோ மலமோ சிவந்திருந்தால் அது பீட்ரூட்டின் நிறமாகவே இருக்கும், பதற வேண்டாம். பீர்க்கங்காய்த் துவையலை நெய்ச் சாதத்தில் பிசைந்தும் தோசைக்குத் தொட்டுக்கொள்ளவும் தரலாம். முருங்கைக்காயின் சதையைக் கரண்டியால் வழித்துப் பருப்பில் கலந்தால் நாரின் தொல்லை இராது.

ஆனால் காயை அரைத்து மறைப்பதையே முழு வழியாகக் கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மறைந்திருக்கும் காயால் அன்றைய சத்து சேரும். அந்தக் காயோடு குழந்தைக்குப் பழக்கம் ஏற்படாது. பரங்கிக்காய்ப் பூரி தரும் நாளில், அதே பரங்கிக்காயின் இரண்டு சிறு துண்டுகளைத் தேங்காய்த் துருவலோடு தட்டில் ஓரமாக வையுங்கள். சாப்பிடச் சொல்ல வேண்டாம். பத்துப் பதினைந்து முறை பார்த்து, தொட்டு, முகர்ந்து, நாக்கில் வைத்து எடுத்த பிறகே பல குழந்தைகள் ஒரு காயை விழுங்குகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது, நான்காவது முறையிலேயே அந்தக் காயை நிறுத்திவிடுகிறோம். அளவும் சிறிதாகவே இருக்கட்டும்: வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது மூன்று வயதுக்கு மூன்று மேசைக்கரண்டி என்பது போதுமான தொடக்கம்.

என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பவற்றைப் பெரியவர்கள் முடிவு செய்ய, எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடுவது நல்லது. காயைத் தின்றால் மிட்டாய் தருவதாகச் சொன்னால், மிட்டாய் உயர்ந்தது, காய் தண்டனை என்றே குழந்தை புரிந்துகொள்ளும். கைபேசியில் படம் காட்டி ஊட்டினால் வாய் திறக்கும். என்ன தின்றோம் என்பதோ வயிறு நிறைந்ததோ அதற்குத் தெரியாது. அம்மாவும் அப்பாவும் தாத்தா பாட்டியும் அதே பொரியலை உடன் அமர்ந்து சாப்பிடுவதை நாள்தோறும் பார்ப்பதற்கு நிகரான தூண்டுதல் வேறில்லை. கீரை ஆயவும், பட்டாணி உரிக்கவும், சந்தையில் காயைத் தேர்ந்தெடுக்கவும் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாலின் அளவையும் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைக்குச் சோற்றில் நாட்டம் இராது. இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கும் அது ஒரு காரணம். உணவுக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து பிஸ்கட், பழச்சாறு, பால் எதுவும் வேண்டாம். கீரை கொடுக்கும் நாளில் கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சைச் சாறு ஏதேனும் ஒன்று சேர்ந்தால் இரும்புச்சத்து எளிதாக உட்கிரகிக்கப்படும். கேரட்டுக்கும் பரங்கிக்காய்க்கும் சிறிது நெய்யோ எண்ணெயோ அவசியம். அவற்றிலிருந்து கிடைக்கும் வைட்டமின் ஏ கொழுப்பில் கரையக்கூடியது.

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பச்சைக் கேரட் துண்டு, முழு வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு ஆகியவற்றைத் தரவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கேரட்டைத் துருவியோ வேகவைத்தோ, தேங்காயைத் துருவி, வேர்க்கடலையைப் பொடித்துக் கொடுங்கள்.

அங்கன்வாடியில் அல்லது மருத்துவமனையில் குறிக்கும் எடை அட்டையில் கோடு மேலேறாமல் நின்றாலோ, ஒவ்வொரு கவளத்துக்கும் குமட்டல் வந்தாலோ, முன்பு சாப்பிட்ட உணவுகளும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போனாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். குடற்புழுவாலும் பசி குறையும் என்பதால், பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் அங்கன்வாடியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். மண், பல்பம், சுவர்ச் சுண்ணாம்பு, பச்சரிசி ஆகியவற்றை எடுத்துத் தின்னும் பழக்கம் இருந்தால் அது இரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம். காத்திராமல் ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதித்துவிட வேண்டும்.