கேப் கோரல் கால்வாய்க்கரை வீடு வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் தென்மேற்குக் கரையோரம் கேப் கோரல் என்றொரு ஊர். 1957-ல் ரோசன் சகோதரர்கள் இருவர் நிலத்தை வளைத்து வாங்கி, கால்வாய் வெட்டி, வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, மனை போட்டு விற்றார்கள். இன்று அங்கே 400 மைலுக்கு மேல் கால்வாய் ஓடுகிறது. ஊரின் பழைய வீடுகள் கலூசாஹாட்சி ஆற்றோரம், யாட் கிளப் பக்கம் இருக்கின்றன. தாழ்ந்த கூரை, தரையோடு ஒட்டிய தளம், பின்வாசலில் படகுத்துறை. பார்த்தவுடன் மனம் அங்கேயே தங்கிவிடும்.

'வீடு வாங்குகிறோம்' என்று நினைப்பதுதான் முதல் தவறு. கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு தண்ணீரோரத்து மனைக்குத்தான் போகிறது. கட்டடத்தின் மதிப்பு கொஞ்சம்தான். இதில் என்ன சிக்கல் என்றால், அமெரிக்க வெள்ள விதிகளில் '50 சதவீத விதி' ஒன்று உண்டு. வெள்ள அபாயப் பகுதியில் தாழ்வாகக் கட்டிய பழைய வீட்டில் நீங்கள் செய்யும் மராமத்துச் செலவு, கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால், முழு வீட்டையும் இன்றைய விதிப்படி வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்த வேண்டும். மனை விலை இந்தக் கணக்கில் சேராது. 7 லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டில் கட்டடம் 2 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எல்லை 1 லட்சம். கூரை, வயரிங், சமையலறை என்று கை வைத்தாலே அது கரைந்துவிடும். 'வாங்கிவிட்டு மெதுவாகப் புதுப்பிக்கலாம்' என்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முன்பணம் கொடுப்பதற்கு முன் நகராட்சிக் கட்டட அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். கட்டட மதிப்பை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? முந்தைய வருடங்களில் செய்த வேலையையும் சேர்த்துக் கூட்டுவீர்களா?

வீட்டுக் காப்பீடு இருந்தால் வெள்ளத்துக்கும் சேர்த்துத்தான் என்று நம்புவது அடுத்த தவறு. அதற்குத் தனி பாலிசி வேண்டும். அரசுத் திட்டத்தில் வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், பொருள்களுக்கு 1,00,000. வீட்டுக் கடனோடு சேர்த்து எடுக்காவிட்டால் 30 நாள் காத்திருக்கவும் வேண்டும். விற்பவரிடம் அரசு பாலிசி இருந்தால் அதை உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ள முடியும். அவருக்குக் கிடைத்துவந்த சலுகைக் கட்டணமும் கூடவே வரும். பலர் இதைக் கேட்பதே இல்லை. 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் அடித்த ஊர் இது. 2024 அக்டோபர் முதல், வெள்ள இழப்பீடு கோரியிருந்தால் விற்பவர் அதை எழுத்தில் சொல்லியாக வேண்டும். அந்தத் தாளை நிதானமாகப் படியுங்கள்.

விற்பவரின் சொத்து வரி ரசீதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். சொந்த வீட்டில் குடியிருப்பவரின் வரி மதிப்பு வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் ஃபுளோரிடா சட்டம் தடுக்கிறது. கைமாறியதும் மதிப்பு சந்தை விலைக்குத் தாவிவிடும். முப்பது வருடம் இருந்த தாத்தாவின் வரி உங்களுக்கு வராது.

குழாயைப் பார்க்காமல் வாங்குவதும் தவறுதான். அந்தக் காலத்து வீடுகளில் தளத்துக்கு அடியில் வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய் இருக்கும். உள்ளே துருப்பிடித்துப் போயிருக்கும். கேமரா விட்டுப் பார்ப்பதற்குச் சில நூறு டாலர் ஆகும். தளத்தை உடைத்து மாற்றுவதற்கு ஆகும் செலவோடு பார்த்தால் அது காசே இல்லை.

'வாட்டர்ஃப்ரண்ட்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் கடலுக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. சில கால்வாய்கள் நன்னீர். கடலோடு இணைப்பே கிடையாது. சிலவற்றில் வழியில் தாழ்வான பாலம் இருக்கும், பாய்மரம் நுழையாது.

கடைசியாக, கரைச்சுவர்: மனையின் மண் கால்வாய்க்குள் சரியாமல் தாங்கும் சுவர். 2017-ல் இர்மா புயல் கால்வாய்த் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டு போனது. முன்னால் தாங்கிய தண்ணீர் இல்லை, பின்னால் மழையில் ஊறிய மண் தள்ளியது. பல சுவர்கள் சரிந்தன. அந்தச் சுவர் பெரும்பாலும் வீட்டுக்காரர் செலவுதான். அதனால் வீட்டைப் பார்க்கப் போகும்போது தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள். ஏற்றத்தின்போது மறைந்திருக்கும் விரிசல், சாய்வு, சுவருக்குப் பின்னால் புல்வெளியில் விழுந்திருக்கும் குழி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.